ஒரே பட்டனுக்கு எத்தனை தடவை காசு?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலைகள் நிறைய உண்டு. அங்கே போய், "என் வீட்டுக்கு மட்டும் பதினொன்றே கால் மில்லிமீட்டரில், பக்கத்து வீட்டில் இல்லாத டிசைனில் கம்பி வேண்டும்" என்று யாராவது கேட்டால் என்ன நடக்கும்? மேலும் கீழும் பார்ப்பார்கள். 8, 10, 12, 16 என்று அளவு இருக்கிறது. ஐ.எஸ். 1786 என்று தரம் இருக்கிறது. கம்பி விற்கிறவர், வாங்குகிற மேஸ்திரி, கணக்குப் போடுகிற இன்ஜினியர் எல்லோரும் அந்த அளவுகளை வைத்துத்தான் பேசுகிறார்கள். வீடு ஒவ்வொன்றும் வேறு; கம்பி ஒன்றுதான். இதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை.

இதே ஆலையில் வேலை பார்க்கிற ஒருவர் இணையத்தில் அரசு வேலை ஏதாவது முடிக்க வேண்டும் என்று வைத்துக் கொள்ளுங்கள். பட்டா பார்க்க ஒரு தளம். பத்திரப் பதிவுக்கு வில்லங்கம் பார்க்க இன்னொரு தளம். ரேஷன் கார்டுக்கு ஒன்று. கரண்ட் பில்லுக்கு ஒன்று. பையன் டி.என்.பி.எஸ்.சி எழுதினால் அதற்கு ஒன்று. ஒன்றில் தேதியை காலண்டரில் தேட வேண்டும், இன்னொன்றில் டைப் அடிக்க வேண்டும். ஒன்றில் 'சமர்ப்பி' வலது பக்கம், இன்னொன்றில் நடுவில். ஒன்றில் தப்பு செய்தால் சிவப்பில் சொல்லும், இன்னொன்றில் நிரப்பியது எல்லாம் அழிந்து முதலிலிருந்து வரும். ஒரு தளத்தில் கற்றுக்கொண்டது அடுத்த தளத்தில் பைசாவுக்குப் பிரயோஜனம் இல்லை. கடைசியில் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து, வேறொருவர் கையால் அதை முடிக்கிறார்.

இதை "மக்களுக்குக் கணினி அறிவு போதவில்லை" என்று சொல்லி முடித்துவிடுவது ரொம்ப சுலபம். அது பொய். வாட்ஸ்அப்பையும் ஜி-பேயையும் தானே கற்றுக்கொண்டவர்தான் அவர். போதாதது அவருடைய அறிவு அல்ல. ஒரே பட்டனை ஒவ்வொரு துறையும் தனித்தனியாக டெண்டர் விட்டு, தனித்தனியாகச் செய்து, தனித்தனியாகக் கெடுப்பதுதான் பிரச்னை.

பாகங்களின் பெட்டி

மென்பொருள் உலகம் இந்த நோய்க்கு மருந்து கண்டுபிடித்து ரொம்ப நாள் ஆகிவிட்டது. பட்டன், எழுதும் பெட்டி, தேதி பெட்டி, பட்டியலில் தேர்ந்தெடுக்கும் டிராப் டவுன், எச்சரிக்கைச் செய்தி, கோப்பு ஏற்றும் பெட்டி... எந்தத் தளத்தை எடுத்தாலும் இவைதான் திரும்பத் திரும்ப வரும். இவற்றை ஒரு தடவை ஒழுங்காகச் செய்து, சோதித்து, ஒரு தொகுப்பாக வைத்துவிட்டால், அடுத்து வருகிறவர் எடுத்துப் பொருத்தினால் போதும். காம்பொனென்ட் லைப்ரரி என்பது இதுதான். ஸ்பேர் பார்ட்ஸ் பெட்டி மாதிரி.

யாஹூ 2006-ல் தன்னுடைய ஒய்.யு.ஐ தொகுப்பை எல்லோருக்கும் திறந்து விட்டது. 2007-ல் ஜேக்வெரி யு.ஐ வந்தது. ட்விட்டரில் வேலை பார்த்த மார்க் ஓட்டோவும் ஜேக்கப் தார்ன்டனும் செய்த பூட்ஸ்ட்ராப் 2011-ல் வெளியானது. 2013-ல் ஃபேஸ்புக் ரியாக்டை வெளியிட்ட பிறகு, பாகம் பாகமாகச் சேர்த்து தளம் கட்டுவது என்பதே வழக்கமாகிவிட்டது. பிரிட்டன் அரசு 2018-ல் தன் துறைகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு டிசைன் சிஸ்டம் கொண்டு வந்தது. அதில் பிறந்த தேதிக்குக் காலண்டரே கிடையாது. நாள், மாதம், வருடம் என்று மூன்று சின்னப் பெட்டிகள், அவ்வளவுதான். தன் பிறந்த தேதி எல்லோருக்கும் மனப்பாடம். 1968-ஐத் தேடி அம்புக்குறியை நூற்றுக்கணக்கான தடவை அழுத்துவானேன்? யாரோ ஒருவர் ஒரு தடவை யோசித்தார், அந்த நாட்டுத் துறைகள் எல்லாம் லாபம் அடைந்தன.

நம்மூர் கம்பெனிகளுக்கும் இது தெரியாதது அல்ல. 2010-ல் சென்னையில் தொடங்கி 2021-ல் நாஸ்டாக்கில் பட்டியலான ஃப்ரெஷ்வொர்க்ஸ், 'கிரேயான்ஸ்' என்ற பெயரில் தன் பாகங்களை ஓப்பன் சோர்ஸாகவே வைத்திருக்கிறது. வெளியாட்கள் அதன் மென்பொருளுக்குள் இயங்கும் செயலிகளைச் செய்தாலும், வாடிக்கையாளர் கண்ணுக்கு எல்லாம் ஒரே முகமாகத் தெரிய வேண்டும் என்பது கணக்கு. திருவள்ளூரில் இருக்கும் கார் தொழிற்சாலையைப் பாருங்கள். சிட்ரோன் சி3 2022-ல் வந்தது, சி3 ஏர்கிராஸ் 2023-ல், பசால்ட் 2024-ல். மூன்று வேறு கார்கள். அடியில் இருக்கும் அடித்தளம் ஒரே குடும்பம். ஒவ்வொரு காருக்கும் அடித்தளத்தைப் புதிதாக வரைந்திருந்தால் அந்தக் கம்பெனி கடையை மூட வேண்டியதுதான்.

லாபத்துக்கு நடத்துகிறவன் சிக்கனமாக இருக்கிறான். வரிப்பணத்தில் நடத்துகிறவர்களுக்கு மட்டும் ஏன் இந்த ஊதாரித்தனம்?

கும்மிடிப்பூண்டிக்கு எத்தனை எழுத்து?

"அதான் வெளிநாட்டுத் தொகுப்புகள் இலவசமாகக் கிடைக்கிறதே, எடுத்து ஒட்ட வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். இங்கேதான் விஷயமே இருக்கிறது.

கும்மிடிப்பூண்டி என்று தமிழில் எழுதி எண்ணுங்கள். கு, ம், மி, டி, ப், பூ, ண், டி. எட்டு எழுத்து. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். ஆனால் கணினிக்கு அது பதினாறு! யூனிகோடில் 'கு' என்பது க-வும் உகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறிகள். 'ம்' என்பது ம-வும் புள்ளியும். இதே ஊரை ஆங்கிலத்தில் எழுதினால் பதின்மூன்று எழுத்து. ஆங்கிலப் பெயர்களை மனதில் வைத்து "ஊர்ப் பெயருக்கு 15 போதும்" என்று ஒரு நிரலாளர் எல்லை வைத்தால், ஆங்கிலக் கும்மிடிப்பூண்டி உள்ளே போகும். தமிழ்க் கும்மிடிப்பூண்டி வாசலிலேயே நிற்கும். திருவள்ளூர் ஆறெழுத்துதான், அதற்குப் பதினொன்று. கொஞ்சம் நீளமான ஊர்களும் முழுப் பெயர்களும் என்ன பாடுபடும் என்று நீங்களே கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள்.

இன்னொன்று. "பெயரில் எழுத்து மட்டும்தான் வரலாம், குறியீடு கூடாது" என்று சோதனை வைப்பது வழக்கம். யூனிகோடு அட்டவணையில் 'க' என்பது எழுத்து வகை. ஆனால் உகரக் குறியும் புள்ளியும் எழுத்து வகையில் இல்லை, 'குறி' என்ற வேறு வகையில் இருக்கின்றன. ஆகவே அந்தச் சோதனையை யோசிக்காமல் எழுதினால் புள்ளி வைத்த தமிழ்ப் பெயர் எல்லாமே தப்பான பெயர்! இனிஷியலுக்குப் பின்னால் வரும் புள்ளியையும் சேர்த்துத் துரத்திவிடுவார்கள். 'லாஸ்ட் நேம்' கட்டாயம் என்று நட்சத்திரக் குறி போட்டு, குடும்பப் பெயரே இல்லாத ஊர்க்காரரை அப்பா பெயரைத் தன் பெயராக எழுத வைக்கும் கூத்து தனி. பான் கார்டில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, வங்கியில் ஒரு மாதிரி பெயர் ஏறி, பி.எஃப் பணம் எடுக்கப் போகும்போது "பெயர் பொருந்தவில்லை" என்று திருப்பி அனுப்பப்படுகிறவர்களைக் கேளுங்கள். அந்தக் கதைகளில் பல ஏதோ ஒரு பெட்டியில்தான் ஆரம்பித்திருக்கும்.

தமிழ்ச் சொற்களும் நீளம். ஆங்கிலத்தில் ஆறெழுத்தில் முடியும் பட்டன் தமிழில் 'சமர்ப்பிக்கவும்' ஆகிறது. ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பட்டனில் அது பாதி வெட்டுப்பட்டுத் தெரியும், இல்லாவிட்டால் இரண்டு வரியாக உடையும். எழுத்துக்குக் கீழே இறங்கும் உகர ஊகாரச் சுழிகள் வரியின் உயரம் போதாமல் நறுக்கப்படும். தமிழ் விளங்காது என்று ஜனங்கள் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ள, "பார்த்தீர்களா, தமிழ்ப் பக்கத்தை யாரும் பயன்படுத்துவதில்லை" என்று அதையே காரணமாகக் காட்டுவார்கள்.

பட்டன் எங்கிருந்து வேண்டுமானாலும் வரட்டும். ஆனால் இந்த நாட்டுக்கே உரிய பெட்டிகளை எந்த வெளிநாட்டுக்காரன் செய்து தருவான்? ஜி.எஸ்.டி எண் என்பது 15 இடம்: முதல் இரண்டு மாநிலக் குறியீடு (தமிழ்நாட்டுக்கு 33), அடுத்த பத்து பான் எண், கடைசி இடம் தப்பைக் கண்டுபிடிக்கும் சோதனை எழுத்து. வங்கியின் ஐ.எஃப்.எஸ்.சி 11 இடம், அதில் ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். ஆதாரின் பன்னிரண்டாவது இலக்கமும் சோதனை இலக்கம்தான். தொகை எழுதினால் லட்சம், கோடி என்று காற்புள்ளி விழ வேண்டும். நிலத்துக்கு சர்வே எண், அதன் கீழ் உட்பிரிவு. இவற்றை ஒரு தடவை ஒழுங்காகச் செய்து வைத்தால், ஓர் எண் தப்பாக அடித்த உடனேயே பெட்டி அந்த இடத்திலேயே சொல்லிவிடும். மூன்று வாரம் கழித்து "நிராகரிக்கப்பட்டது" என்று எஸ்.எம்.எஸ் வராது.

மாவட்டம் மாறினால் என்ன ஆகும்?

2018-ல் சென்னை மாவட்டத்தை விரிவாக்கினார்கள். அம்பத்தூர், மாதவரம், திருவொற்றியூர் எல்லாம் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து சென்னைக்குப் போயின. 2019-லும் 2020-லும் கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், மயிலாடுதுறை என்று ஆறு புதிய மாவட்டங்கள் பிறந்து மொத்தம் 38 ஆனது.

ஒவ்வொரு அரசுத் தளத்திலும் 'மாவட்டம் - வட்டம் - கிராமம்' என்ற மூன்றடுக்கு டிராப் டவுன் உண்டு. அதைப் பொதுவான ஒரு பாகமாக வைத்திருந்தால், அரசாணை வந்த அன்று ஓர் இடத்தில் மாற்றினால் போதும், எல்லாத் தளத்திலும் மாறிவிடும். தனித்தனியாக வைத்திருந்தால்? ஒவ்வொரு தளத்துக்கும் ஒப்பந்தக்காரரைக் கூப்பிட வேண்டும். ஒப்பந்தம் முடிந்து போயிருந்தால் அதற்கொரு ஃபைல். அம்பத்தூர்க்காரர் எந்த மாவட்டத்தில் தேடுவது என்று ஒவ்வொரு தளத்திலும் அதிர்ஷ்டத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் ஊர்ப் பெயருக்கு எழுத்துக்கூட்டல் வேறு ஆளுக்கொரு விதம். ரயில்வே எழுதுவது போல் வருவாய்த்துறை கும்மிடிப்பூண்டியை எழுதுவதில்லை!

பார்வை இல்லாதவருக்கு அது பட்டனே இல்லை

கண்ணால் பார்த்தால் பட்டன் மாதிரி இருக்கும். உள்ளே வெறும் கட்டம் வரைந்து நிறம் பூசியிருப்பார்கள். திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளுக்கு அது பட்டன் என்றே தெரியாது. கீபோர்டால் அழுத்தவும் முடியாது. இணையத்தில் காசில்லாமல் செய்யப்படும் மிகப் பெரிய அநியாயம் இது.

மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்துவிட்டது. ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று, இத்தகைய வசதிகளை வெறும் ஆலோசனையாக வைத்திருந்த விதி 15 செல்லாது, கட்டாயமான தரங்கள் வேண்டும் என்றது. 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில், டிஜிட்டல் வசதியை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் உரிமையின் ஒரு பகுதி என்றே சொல்லிவிட்டது. இனி ஒவ்வொரு தளத்தையும் தனியாகத் திருத்தப் போகிறார்களா, அல்லது பட்டனை ஒரு தடவை சரியாகச் செய்து எல்லா இடத்திலும் பொருத்தப் போகிறார்களா? எது நடக்கிற காரியம் என்பது விளங்காதவர் யாரும் இல்லை.

கணக்கு என்ன சொல்கிறது?

காஸ்ட் அக்கவுண்டிங் படித்த எவருக்கும் இது முதல் பாடம். நிலையான செலவு, மாறும் செலவு. ஒரு பாகத்தை முதல் தடவை செய்யத்தான் செலவு; ஆயிரமாவது தளத்தில் பொருத்த ஆகும் கூடுதல் செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். இப்படிப்பட்ட பொருளை ஒருவர் பயன்படுத்துவதால் அடுத்தவருக்குக் குறைவதில்லை. தெருவிளக்கு மாதிரி. பொதுச் செலவில் செய்ய வேண்டிய பொருள் என்று பொருளாதாரப் புத்தகம் எதைச் சொல்கிறதோ, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஒரு தொழிற்சாலை ஒவ்வொரு ஆர்டருக்கும் அதே அச்சை மறுபடி மறுபடி வெட்டினால் ஆடிட்டர் சும்மா விடுவாரா?

இதில் இன்னொரு செலவும் இருக்கிறது, எந்த டெண்டரிலும் அது வராது. 2015-ல் ஜி.எஸ்.டி தளத்துக்கான ஒப்பந்தம் 1,380 கோடிக்கு இன்ஃபோசிஸுக்குப் போனது. வருமான வரித் தளத்துக்கு 2019 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 4,242 கோடி ஒதுக்கியது, அதுவும் இன்ஃபோசிஸ்தான். இந்தத் தொகைகள் பல வருட சர்வர், பாதுகாப்பு, பராமரிப்பு எல்லாம் சேர்த்தது. பட்டனுக்கு மட்டும் அல்ல. அது நியாயம். ஆனால் செய்தது ஒரே கம்பெனி, பணம் கொடுத்தது மக்கள், உபயோகிப்பது அதே கணக்காளர். இரண்டு தளத்தின் முகங்களும் ஏன் அண்ணன் தம்பி மாதிரிகூட இல்லை? 2021 ஜூன் 7 அன்று புதிய வருமான வரித் தளம் வந்தபோது ஏகப்பட்ட கோளாறுகள். ஆகஸ்ட் 23 அன்று நிதி அமைச்சகம் அந்தக் கம்பெனியின் தலைவரையே அழைத்து விளக்கம் கேட்டது. அந்தக் கோளாறுகள் எல்லாம் பட்டனால் வந்தவை அல்ல. ஆனால் பழைய தளத்தில் பழகிய கை ஒரே நாளில் புதுக் கை ஆனதே, அதற்கு யார் கணக்கு வைத்தார்கள்? நாடு முழுக்க இருக்கும் சின்ன ஆடிட்டர் ஆபீஸ்களில் வீணான அந்த மணி நேரங்கள் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை.

"ஆனால்..." என்று இழுப்பவர்களுக்கு

"எல்லாத் தளமும் ஒரே மாதிரி இருந்தால் அலுத்துப் போகும்." பட்டா எடுக்க வருகிறவர் சினிமா பார்க்க வரவில்லை.

"ஒன்று கெட்டால் எல்லாம் கெடும்." இது நியாயமான பயம். சீனாவின் ஆன்ட் டிசைன் தொகுப்பில் அதைச் செய்தவர்கள் ரகசியமாக ஒரு விளையாட்டு வைத்திருந்தார்கள். 2018 டிசம்பர் 25 அன்று அதைப் பயன்படுத்திய தளங்களில் எல்லாம் பட்டன்கள் மேல் பனி படர்ந்துவிட்டது! அடுத்தவன் பாகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினால் இதுதான் நடக்கும். பாகத்தை யார் வைத்திருக்கிறார், யார் சோதிக்கிறார், யார் பொறுப்பு என்பதைக் கேட்க அது காரணமே தவிர, ஒவ்வொரு துறையும் தனியாக ஓட்டை போட்டுக்கொள்ளக் காரணம் அல்ல. நூறு இடத்தில் நூறு விதமான ஓட்டை இருப்பதைவிட ஓர் இடத்தில் ஓர் ஓட்டை இருந்தால் அடைப்பது சுலபம்.

"மத்திய அரசு ஏற்கனவே செய்துவிட்டதே." உண்மைதான். மின்னணு அமைச்சகத்தின் கீழ் யு.எக்ஸ்.4ஜி என்ற தொகுப்பு இருக்கிறது. 2025 பிப்ரவரியில் எல்லாத் தளங்களும் ஒரே முகத்தோடு இருக்க டிஜிட்டல் அடையாளக் கையேடும் வெளியிட்டார்கள். திருவள்ளூர் மாவட்டத் தளத்தையும் இன்னொரு மாவட்டத் தளத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே எலும்புக்கூடு. என்.ஐ.சி-யின் எஸ்3வாஸ் என்ற பொது ஏற்பாட்டில் கட்டியவை. ஆக, முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மாவட்டத் தளம் என்பது அறிவிப்புப் பலகை; படித்துவிட்டுப் போகலாம். ஜனங்கள் தவிப்பது விண்ணப்பம் நிரப்பும் இடத்தில். அங்கே தமிழின் எழுத்துக் கணக்கு, இனிஷியல், சர்வே எண், கிராமப் பட்டியல் எல்லாம் தெரிந்த பாகங்கள் வேண்டும். அதை டெல்லி செய்து தரும் என்று காத்திருப்பது நமக்கு அழகில்லை.

"சின்ன மென்பொருள் கம்பெனிகளின் பிழைப்பு போகும்." தலைகீழ். இன்று பெரிய கம்பெனிகள்தான் எல்லாவற்றையும் அடியிலிருந்து செய்யும் ஆள்பலம் வைத்திருக்கின்றன. பாகங்கள் பொதுவில் கிடந்தால் ஐந்து பேர் இருக்கும் ஒரு கம்பெனிகூட நல்ல தளம் கட்டலாம். அம்பத்தூர் பட்டறைகள் பெரிய கார் கம்பெனிகளுக்குப் பொருள் கொடுத்து வளர்ந்தது அளவுகள் பொதுவாக இருந்ததால்தான்.

"செய்து வைப்பார்கள், பிறகு கேட்பாரற்றுக் கிடக்கும்." இதுதான் உண்மையான ஆபத்து. ஒய்.யு.ஐ-யை யாஹூவே 2014-ல் கைவிட்டது. கூகுளின் ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கு 2021 முடிவோடு ஆதரவு நின்றது. ஆகவே இதை ஒரு 'திட்டம்' என்று ஆரம்பித்து, ரிப்பன் வெட்டி, மறந்துவிட்டால் பணம் தண்ணீரில்தான். இது மூலதனச் செலவு மட்டும் அல்ல, வருடா வருடம் ஒதுக்க வேண்டிய நடப்புச் செலவு. நிரந்தரமாக ஒரு சின்னக் குழு வேண்டும்.

செய்ய வேண்டியது

பெரிதாக ஒன்றும் இல்லை. தமிழ்நாடு மின் ஆளுமை முகமை ஒரு பாகத் தொகுப்பை வைத்திருக்கட்டும். மத்தியத் தொகுப்பின் மேலேயே கட்டட்டும், தப்பில்லை. தமிழை முதல் மொழியாக வைத்து அளவெடுக்கட்டும். எல்லைப்புற கும்மிடிப்பூண்டியில் தெலுங்கு பேசுகிறவரும், ஆலைகளில் இந்தியும் ஒடியாவும் பேசுகிறவரும் இருக்கிறார்கள். மொழி மாற்றினால் உடையாத பாகமாக இருக்கட்டும். மூல நிரலை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்கட்டும். பார்வையற்றவர்களைக் கூப்பிட்டுச் சோதிக்கட்டும், சும்மா சான்றிதழ் வாங்க வேண்டாம். பிறகு மாநிலத்தின் ஒவ்வொரு மென்பொருள் டெண்டரிலும் ஒரே ஒரு வரி: "பொதுத் தொகுப்பில் உள்ள பாகத்தைப் புதிதாகச் செய்தால் அதற்குப் பணம் கிடையாது."

அந்த ஒரு வரியை எழுதக் கோடிகள் தேவையில்லை. எழுதாமல் இருப்பதற்குத்தான் கோடிகள் செலவாகின்றன. அரை நாள் சம்பளத்தை இழந்து, தன் ஆதார் எண்ணையும் ஓ.டி.பி-யையும் முன்பின் தெரியாதவரிடம் சொல்லி விண்ணப்பம் போடுகிற ஒவ்வொருவரும் அந்தச் செலவில் தன் பங்கைக் கட்டிக்கொண்டிருக்கிறார், ரசீது இல்லாமல்.